இரவல் போகும் மத்தியகள வீரன்

டயகமவில் தொடங்கி அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலை என்று ஹட்டன் டன்பார் மைதானம் வரைக்கும் ஒவ்வொரு அணியாகப் பார்த்துக்கொண்டு வந்தால், நம்முடைய உதைபந்தாட்டத்தில் ஒரே குறைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பின்களத்தை ஓடியே உடைக்கும் முன்கள வீரன் இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே உருவாகிவிடுகிறான். துணிச்சலான கோல் காப்பாளனும் கிடைத்துவிடுகிறான். மத்தியகள வீரன் மட்டும் கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்கு அந்த அளவு மூளை ஓடாது என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. காரணம் மைதானத்திலும் போட்டி முறையிலும் இருக்கிறது. தேயிலை நட்டது போக எஞ்சிய துண்டு நிலம்தான் பெரும்பாலான தோட்டங்களில் மைதானம். நீளம் குறைவு, ஒரு பக்கம் சரிவு, மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் இறுகிய தரை. அதில் நடப்பது பெரும்பாலும் அணிக்கு 7 பேர் கொண்ட விலகல் முறைச் சுற்றுப்போட்டி. ஒரே நாளில் பல ஆட்டங்களை முடித்துக் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரமும் சொற்பம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்து காப்பாளனின் காலிலிருந்து நேரே எதிரணியின் கோல் வாசலுக்குப் போகும். நடுவில் நிற்கும் பையன் தலைக்கு மேலே போகும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். பத்து வருடம் ஆடினாலும் அவன் மத்தியகளத்தில் நின்றிருப்பானே தவிர மத்தியகளம் ஆடியிருக்க மாட்டான்.

இளையோரைப் பழக்கும் வேலையில் இருப்பவர்கள் ஒரு மத்தியகள வீரனிடம் முதலில் பார்ப்பது அவனுடைய காலை அல்ல, கழுத்தை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னே திரும்பிப் பார்க்கிறானா, எத்தனை தரம் பார்க்கிறான்? தன் கோலைப் பார்த்தபடி நின்று பந்தை வாங்க வேண்டி வந்தால் உடம்பைப் பக்கவாட்டில் திறந்து வைக்கிறானா, இல்லை நேரே வாங்கி நேரே திருப்பிக் கொடுக்கிறானா? தன் பக்கம் பந்தை இழந்தவுடன் ஓடுகிறானா, ஓடினால் பந்தை நோக்கி ஓடுகிறானா, எதிரணி அடுத்து அனுப்பப்போகும் இடத்தை நோக்கி ஓடுகிறானா? இவற்றில் எதையும் கூம்புகளை வரிசையாக வைத்துப் பழக்கிவிட முடியாது. முன்கள வீரன் தனியாகச் சுவரில் அடித்தே பாதித் திறமையைச் சேர்த்துக்கொள்ளலாம். மத்தியகள வீரனின் படிப்பு அவனைச் சுற்றி ஆடும் பத்துப் பேரிடமும் எதிரே நிற்கும் பதினொரு பேரிடமும் இருக்கிறது. சுற்றி ஆடுகிறவர்கள் பந்தைத் தரையில் கொடுக்காத வரை அவனுக்கு வாங்கிப் பழக வழியில்லை. எதிரே நிற்கிறவர்கள் நெருக்காத வரை திரும்பிப் பார்க்கும் பழக்கம் வராது. ஆகவே ஊரிலேயே வைத்துக்கொண்டு ஒருவனை நல்ல மத்தியகள வீரனாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை நாம் கைவிட்டால் நல்லது. அவனை வெளியே அனுப்பத்தான் வேண்டும். எப்படி அனுப்புவது என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. திரும்பி வரும் உரிமையோடு, குறித்த காலத்துக்கு, எழுத்தில், ஒருவர் பொறுப்பெடுத்து அனுப்ப வேண்டும். உலகக் கழகங்கள் லோன் என்று சொல்லிச் செய்வது இதைத்தான்.

லோன் ஒருவனை எப்படி வளர்க்கிறது என்பதற்கு ஒரே சுற்றுப்போட்டியிலிருந்து மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். 2017 ஒக்டோபரில் இந்தியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் நடந்தது. கொல்கத்தாவில் நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினை 5–2 என்று வென்றது. அந்த அணியில் பில் ஃபோடனும் கொனர் கலகரும் இருந்தார்கள். இந்திய அணியில் ஜீக்சன் சிங் இருந்தார். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய பந்துதான் உலகக் கிண்ணப் போட்டி ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல். (அந்தக் கோர்னரை உதைத்தவர் சஞ்சீவ் ஸ்டாலின்.) மூவரும் மத்தியகளம், ஏறக்குறைய ஒரே வயது. அதற்குப் பிறகு மூவரும் மூன்று வழியில் போனார்கள். ஃபோடன் மான்செஸ்டர் சிட்டியை விட்டு அசையவில்லை. கலகரை செல்சி மூன்று பருவங்களில் நான்கு கழகங்களுக்கு லோனில் அனுப்பியது. ஜீக்சன் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனமே நடத்திய இளையோர் அணிக்குப் போனார்.

கலகரின் பாதையை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். 2019 ஓகஸ்டில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய சார்ல்டன். அங்கே 26 லீக் ஆட்டம், 6 கோல். 2020 ஜனவரியில் செல்சி அவரைத் திரும்ப அழைத்து அதே லீக்கில் இருந்த சுவான்சிக்கு மாற்றியது. அடுத்த பருவம் பிரிமியர் லீக்கில் வெஸ்ட் புரொம்விச். அதற்கடுத்தது கிறிஸ்டல் பலஸ். அங்கே லீக்கில் 8 கோல், அந்தப் பருவத்திலேயே இங்கிலாந்து அணியிலும் இடம். இந்தப் பட்டியலை வெறும் ஏறுவரிசையாகப் படித்தால் பாதிதான் விளங்கும். மற்றப் பாதி பயிற்றுவிப்பாளர்களில் இருக்கிறது. சார்ல்டனில் லீ போயர், தானே மத்தியகள வீரராக இருந்தவர். சுவான்சியில் ஸ்டீவ் கூப்பர். கொல்கத்தாவில் உலகக் கிண்ணம் வென்ற அணியைப் பழக்கியவர் அவரே, பையனின் பலமும் பலவீனமும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். பலஸில் பட்ரிக் வியேரா, அவருடைய காலத்தின் மிகச் சிறந்த மத்தியகள வீரர்களில் ஒருவர். வெஸ்ட் புரொம்விச் மட்டும்தான் விதிவிலக்கு. தரம் இறங்கத் தவிக்கும் அணி, பருவத்தின் நடுவில் பயிற்றுவிப்பாளரும் மாறினார், கடைசியில் அணி இறங்கியும் போனது. ஆனால் பந்து கைவசம் இல்லாமல் முழு ஆட்டத்தையும் ஓடிக் கழிப்பது எப்படி என்பதை வெற்றி பெறும் அணி எதுவும் கற்றுக்கொடுக்காது. ஒரு மத்தியகள வீரனுக்கு அந்தப் படிப்பும் தேவை. எத்தனை நிமிடம் ஆடினான் என்ற கணக்கை விட யாரிடம் ஆடினான், எந்த விதமான ஆட்டம் ஆடினான் என்பது கனமானது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஃபோடனைக் காட்டி மறுக்கலாம். அவர் எங்கும் இரவல் போகவில்லை. 2020இல் டேவிட் சில்வா கழகத்தை விட்டுப் போகும் வரை பெரும்பாலும் வாங்கில் இருந்தார், சில்வா போன பிறகு இடத்தைப் பிடித்தார், 2023–24 பருவத்தில் பிரிமியர் லீக்கின் சிறந்த வீரரானார். சாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் மூவரும் பார்சலோனாவுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். பிறகு எதற்கு இந்த ஊர் ஊராக அலையும் வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபோடன் வாங்கில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் சில்வாவோடும் டி பிரயினாவோடும் பயிற்சி எடுத்தார்; அவருக்கு வேண்டிய சுற்றமும் எதிர்ப்பும் பயிற்சி மைதானத்திலேயே கிடைத்தன. பார்சலோனாவின் இரண்டாம் அணி ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் பெரியவர்களுக்கு எதிராக ஆடும் அணி. அங்கே ஆடுவது வீட்டை விட்டுப் போகாமலே லோன் போவதற்குச் சமம். இந்த வசதிகளில் ஒன்று இருந்தால் பையனை அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளலாம். டயகமவில் எந்தக் கழகத்துக்கு இரண்டாம் அணி இருக்கிறது? எந்த மைதானத்தில் தன்னைவிடச் சிறந்த மத்தியகள வீரனோடு ஒரு பதினாறு வயதுப் பையன் தினமும் பழகலாம்? ஃபோடனைப் போல வீட்டிலேயே வளர வேண்டுமானால் மான்செஸ்டர் சிட்டி வீடாக இருக்க வேண்டும்.

ஜீக்சனின் வழி நமக்கு இன்னும் கிட்ட இருக்கிறது. உலகக் கிண்ணம் முடிந்ததும் அந்த இளைஞர்களில் பெரும்பாலோரை இந்தியன் அரோஸ் என்ற ஒரே அணியாக்கி ஐ-லீகில் இறக்கியது அகில இந்தியச் சம்மேளனம். தோற்றாலும் தரம் இறங்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆண்களிடம் அடி வாங்கி அடி வாங்கிக் கற்க ஒரு முழுப் பருவம். ஜீக்சன் 2019இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக இந்தியன் சுப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்) இறங்கினார், அவருடன் இருந்த இன்னொரு மத்தியகள வீரர் சுரேஷ் சிங் வாங்ஜம் பெங்களூருக்குப் போனார். 2010இல் தொடங்கி, 2013இல் கலைத்து, 2017இல் மறுபடி எழுப்பிய அந்த அணியை 2022இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தவறு என்பது என் எண்ணம். அந்த அணி மறுபடி எழுவதற்கு முன்னால் இந்தியாவில் லோன் ஒரு விசித்திரமான காரணத்தால் பரவியது. ஐ.எஸ்.எல் 2014இல் தொடங்கியபோது ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் நடந்தது. ஐ-லீக் ஜனவரியில் தொடங்கியது. 2013இல் வீரர்களை விட்டுக்கொடுக்கவே மாட்டோம் என்று நின்ற ஐ-லீக் கழகங்கள் பிறகு இறங்கிவந்து இரவல் கொடுத்தன. 2017–18இல் இரண்டு லீக்கும் ஒரே காலத்தில் ஓடத் தொடங்கும் வரை ஒரே வருடத்தில் ஒரே வீரன் இரண்டு கழகத்துக்கு ஆடுவது வழக்கமாக இருந்தது. நாட்காட்டியில் இருந்த குளறுபடி, இளைஞர்களுக்கு வாய்ப்பாக மாறியது.

இதில் பலன் பெற்றவர்களில் சென்னையோடு சேர்ந்த இருவரைச் சொல்ல வேண்டும். டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாபா 2016இல் சென்னையின் எஃப்.சி அணியில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. 2017 தொடக்கத்தில் மினர்வா பஞ்சாபுக்கு இரவல் போய் ஐ-லீக் ஆடினார், திரும்பி வந்தார், அடுத்த பருவத்தில் சென்னையின் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார், பிறகு அதற்குத் தலைவருமானார். மற்றவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். புனே கழகத்தின் அகாடமியில் வளர்ந்து, 2017 ஐ-லீகில் சென்னை சிட்டிக்கு ஆடி, சென்னையினின் தடுப்பு மத்தியகளத்தில் காலூன்றியவர். 2018 மார்ச் 13ஆம் திகதி கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் 3–0 என்று வென்றபோது இரண்டாவது கோல் அவருடையது. அதே சென்னை சிட்டி கழகத்தின் வழியாகத்தான் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும், குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமமான இரவிபுத்தன்துறையின் மைக்கல் சூசைராஜும் ஏறிவந்தார்கள். சூசைராஜ் 2018இல் ஜம்ஷெட்பூருக்கும் எட்வின் 2019இல் சென்னையினுக்கும் போனார்கள். இவர்கள் வளர்ந்த தெருவும் கடற்கரையும் நம்முடைய தோட்டத்து மைதானத்தைவிட வசதியானவை அல்ல. நடுவில் ஒரு படி இருந்தது. பெரிய கழகத்துக்கும் குடியிருப்புக்கும் இடையில் வாரா வாரம் 11 பேர் ஆட்டம் தரும் ஒரு கழகம் இருந்தது. தவறணையில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்காமல் தேயிலைக் கன்றை நேரே மலையில் நட்டால் என்னவாகும் என்று டயகமவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இனி லோனின் கெட்ட முகத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடம் அதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். பிரேசிலைச் சேர்ந்த லூகாஸ் பியாசோனை செல்சி 2012இல் கொண்டுவந்தது. 2021இல் அவர் விலகும்வரை 7 வேறு கழகங்களுக்கு லோனில் போனார். செல்சிக்காக ஆடியது மூன்றே ஆட்டம். பணக்காரக் கழகம் பையன்களை வாங்கிக் குவித்து, வாடகைக்கு விட்டு, விலை ஏறினால் விற்கும் வியாபாரம் அது. இதைக் கட்டுப்படுத்த ஃபிஃபா 2022 ஜூலையில் விதி கொண்டுவந்தது. ஒரு கழகம் ஒரு பருவத்தில் சர்வதேச லோனில் அனுப்பவும் வாங்கவும் முதலில் 8 பேர், அடுத்த பருவம் 7, 2024–25 முதல் 6 பேர். ஒரே இரு கழகங்களுக்கிடையே 3 பேருக்கு மேல் கூடாது. லோன் ஒரு வருடத்துக்கு மேல் நீளக் கூடாது, லோனில் போனவனை இன்னொருவருக்கு மறுபடி லோன் கொடுக்கக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 21 வயது வரை உள்ளவர்களையும் கழகம் தானே வளர்த்தவர்களையும் இந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை; அதாவது இளைஞனைக் கற்பதற்காக அனுப்புவதை விதி தடுக்கவில்லை, பண்டமாக அனுப்புவதைத்தான் குறைக்கிறது. பியாசோனின் கதையிலிருந்து லோனே வேண்டாம் என்று முடிவெடுப்பது விபத்து நடந்த பாதையில் பஸ்ஸே ஓடக் கூடாது என்பது போன்ற வாதம். அதில் பாடம் ஒன்றுதான். அனுப்புகிற கழகத்தில் அவனுக்கென்று ஓர் இடம் காத்திருக்கவில்லை என்றால் லோன் வெறும் அலைச்சல்.

திரும்ப அழைக்கும் உரிமை கூட ஆபத்தாகலாம் என்பதற்கு மார்ட்டின் ஒடெகார்ட் சாட்சி. 2015இல் 16 வயதில் ரியல் மட்ரிட்டுக்கு வந்தவர் ஹீரன்வீன், விட்டெஸ்ஸ, ரியல் சொசியெடாட் என்று மூன்று கழகங்களில் இரவல் ஆடினார். சொசியெடாட்டில்தான் அவருடைய ஆட்டத்துக்குப் பொருந்திய அணி கிடைத்தது. 2020 பெப்ரவரியில் ரியல் மட்ரிட்டின் மைதானத்திலேயே, தன் தாய்க் கழகத்துக்கு எதிராகவே கோல் போட்டு அதைக் கிண்ணப் போட்டியிலிருந்து வெளியேற்றிய அணியில் இருந்தார். (இங்கிலாந்தில் இது பெரும்பாலும் நடக்காது. 2022 எஃப்.ஏ கிண்ண அரையிறுதியில் பலஸ் செல்சியைச் சந்தித்தபோது கலகர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.) ஒடெகார்டின் சொசியெடாட் லோன் இன்னொரு வருடம் ஓட வேண்டியது. மட்ரிட் இடையில் திரும்ப அழைத்தது, அழைத்துவிட்டு ஆட வைக்கவில்லை, 2021 ஜனவரியில் ஆர்சனலுக்கு மறுபடி இரவல் அனுப்பியது. ஆர்சனல் அவரை நிரந்தரமாக வாங்கி 2022இல் தலைவராக்கியது. திரும்பி வரும் உரிமை என்று நான் சொல்லும்போது கழகம் இழுத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் சொல்லவில்லை. பையனுக்குத் திரும்பி வர இடமும், வந்த பிறகு ஆட வாய்ப்பும் இருக்க வேண்டும். நீண்ட காலம்தான் பயன் தரும் என்பதும் கட்டாயமில்லை. டேவிட் பெக்கம் 1995இல் பிரெஸ்டன் கழகத்தில் இருந்தது 5 லீக் ஆட்டங்களுக்கு மட்டும். ஃபிராங்க் லம்பார்ட் சுவான்சியில் 9. இருவரும் போன இடம் கீழ்ப்பிரிவு, சேறு, முழங்கை, முரட்டு இடிப்பு. நம் பையன்களுக்கு அந்தச் சேறு பழகினதுதான். இல்லாதது அந்த 11 பேர் ஆட்டம்.

நம்மிடமும் இரவல் இல்லாமல் இல்லை. தீபாவளியை, தைப்பொங்கலை, தோட்டத்துத் திருவிழாவை ஒட்டி நடக்கும் சுற்றுப்போட்டிகளில் பக்கத்துத் தோட்டத்துப் பையனை ஒரு நாளுக்குக் கூட்டிவந்து ஆடவைப்பது ஊரறிந்த வழக்கம். பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் கையில் ஏதாவது. கிண்ணத்துக்கு இது உதவும், ஆட்டக்காரனுக்கு உதவாது. ஒரு நாள் ஆடுகிறவனுக்கு அவனால் ஏற்கெனவே முடிந்ததைத்தான் செய்யச் சொல்வார்கள். புதிதாக எதையும் பழக்க யாருக்கும் நேரமில்லை. இன்னொரு பக்கத்தில் நம்மிடம் நடப்பது போனால் போனதுதான் என்ற அனுப்புதல். ஓ.எல் எழுதிய கையோடு கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற பையன், அங்கே ஏதாவது கழகத்தில் ஆடலாம் என்ற வாய்மொழி உறுதியோடு போகிறான். எந்தக் கழகம், யார் பயிற்றுவிப்பாளர், எங்கே தங்குவான், காயம் பட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்தவர்கள் இல்லை. பிள்ளையைத் தலைநகரத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்று 2021இல் கொழும்புக்கு வேலைக்குப் போன டயகமச் சிறுமியின் மரணத்துக்குப் பிறகு இங்கே ஒரு தாய்க்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பேச்சால் கரைக்கப் பார்க்கக் கூடாது, தாளில் பதில் கொடுக்க வேண்டும்.

நடுப்படி ஒன்று மலையகத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டி ஜயதிலக மைதானத்தைச் சொந்த இடமாகக் கொண்ட அப் கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021இல் நடந்த இலங்கை சுப்பர் லீக்கின் 10 அணிகளில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் கொழும்பும் மேற்குக் கரையும், முப்படைகளின் அணிகளும். நாவலப்பிட்டிக்கு ரயில் உண்டு, பஸ் உண்டு, தமிழ் பேசும் சுற்றம் உண்டு. டயகமவின் கழகம் ஒன்று ஆண்டுக்கு ஓரிரு மத்தியகள வீரர்களை அப்படிப்பட்ட ஒரு கழகத்துக்கு ஒரு பருவம் இரவல் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? நல்ல ஆட்டக்காரனை அனுப்பிவிட்டால் எங்கள் அணி தோற்குமே என்பார்கள். தோற்கும். ஒரு பருவம் தோற்கலாம். அவன் திரும்பி வந்து, தான் கற்றதை மற்ற ஆறேழு பேருக்குப் பழக்கினால் அந்த நட்டம் அடைபடும். திரும்பி வராவிட்டால் என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் எழுத்தில் என்று சொல்கிறேன். இன்னொரு மறுப்பு, நம் பிள்ளைக்கு வேலைதான் முக்கியம், படை அணியோ பொலிஸ் அணியோ சேர்ந்தால் சம்பளமும் உண்டு, ஆட்டமும் உண்டு என்பது. அது கிடைப்பவன் தாராளமாகப் போகட்டும். ஆனால் அந்த அணிகள் முடிந்த ஆட்டக்காரனைத்தான் எடுக்கின்றன; பதினாறு வயதில் மத்தியகளம் தெரியாதவனை எடுத்துப் பழக்குவதற்காக அவை நடக்கவில்லை. வேலைக்கு எடுக்கும் அளவுக்கு அவனைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கும் இந்த நடுப்படிதான் வழி.

திறமை இருந்தால் தானாக மேலே வருவான், வேல்ஸில் பிறந்த நம் தமிழ்ப் பையன் வரவில்லையா என்று விமல் யோகநாதனைக் காட்டுகிறவர்களும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், பார்ன்ஸ்லியின் மத்தியகள வீரர், 2024 ஓகஸ்டில் முதல் அணிக்கு இறங்கியவர், வேல்ஸ் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவர் தானாக வரவில்லை. சிறு வயதிலிருந்தே அகாடமி, வயதுக்கேற்ற லீக், பயிற்றுவிப்பாளர், பிறகு இளைஞனை நம்பி ஆடவைக்கும் மூன்றாம் நிலைக் கழகம் என்று ஒவ்வொரு படியும் அவருக்கு முன்னால் ஏற்கெனவே கட்டியிருந்தது. படி இருக்கும் ஊரில் ஏறுகிறவனைப் பார்த்து, படி இல்லாத ஊரில் இருக்கிறவனை ஏன் ஏறவில்லை என்று கேட்பது சரியல்ல.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த இடத்தில் ஆடவைப்பார்கள், தங்குமிடம் யார் பொறுப்பு, பாடசாலையில் படிக்கிறவன் என்றால் பரீட்சைக் காலத்தில் விடுவார்களா, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, பஸ் காசு யார் தருவது. கடைசியாகச் சொன்னது சின்ன விடயம் அல்ல. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024 செப்டம்பரில் 1350 ஆனது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் பையனை நாவலப்பிட்டிக்கு அனுப்பும் செலவை அந்தச் சம்பளத்தின் மேல் வைத்தால் எந்தத் திறமையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. அந்தச் செலவை வாங்குகிற கழகமும் அனுப்புகிற கழகமும் பகிர வேண்டும். சுற்றுப்போட்டி நடத்தச் சேர்க்கும் பணத்தில் கிண்ணத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் அனுப்புகிற கழகத்தின் பங்கு கிடைத்துவிடும். இதையெல்லாம் விட முக்கியம், பையனின் பெயர் அவனுடைய தோட்டத்துக் கழகத்தின் பெயரில் லீக்கில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். 12 வயதிலிருந்து 23 வயது வரை ஒருவனை வளர்த்த கழகங்களுக்கு, அவன் பின்னாளில் நாடு விட்டு நாடு பணத்துக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 வீதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. அப்படி ஒரு நாள் வராமலே போகலாம். வந்தால், பதிவு இல்லாத கழகத்துக்கு ஒரு சதம் கூடக் கிடைக்காது. அவனை வளர்த்தது யார் என்று சொல்லக் கூட ஒரு வரி இருக்காது.

நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகம் சீராக இருந்தால்தானே இதெல்லாம் என்ற அலுப்பு எனக்கும் விளங்குகிறது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரைக்கும் அது நீடித்தது; லீக் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாத காலம். ஆனால் இரண்டு கழகங்கள் தங்களுக்குள் ஒரு பருவத்துக்கு ஒரு பையனைப் பற்றி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அக்கரப்பத்தனை, டயகம பக்கத்துக் கழகச் செயலாளர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: அடுத்த பருவத்துக்கான வீரர் பதிவு தொடங்கும் முன் உங்கள் அணியில் தோளுக்குப் பின்னே திரும்பிப் பார்க்கத் தெரிந்த பையன் யார் என்று பார்த்து வையுங்கள், அவன் பெயரைப் பதிந்து வையுங்கள், 11 பேர் ஆட்டம் ஆடும் ஒரு கழகத்தோடு ஒரு வருடத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். தாளின் ஒரு பிரதியை அவன் தாயிடம் கொடுங்கள்.